கோப்லி பாஸ்டனிலேயே இருந்திருக்கலாமோ?

நீலவண்ணன் கேட்கிறார்:

வணக்கம். எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. நூலகத்துப் புத்தகங்கள், அருங்காட்சியகம், கண்ணாடியில் தெரியும் என் முகம், இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

சென்ற மாதம் வேலையாக பாஸ்டன் போனேன். அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜான் சிங்கிள்டன் கோப்லி 1768ல் வரைந்த பால் ரிவியர் படத்தின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றுவிட்டேன். வெள்ளிப் பாத்திரம் செய்கிற மனிதர், மேலங்கி இல்லாமல் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை மோவாயில். இன்னொரு கையில் வேலைப்பாடு இன்னும் செதுக்காத தேநீர்க் கெண்டி. அந்த வெள்ளியில் அவருடைய விரல்கள் தெரிகின்றன! மேசைமேல் கிடக்கிற உளிகளின் சாயல்கூட மேசைப் பலகையில் விழுந்திருக்கிறது.

அப்புறம் அவரைப் பற்றிப் படித்தேன். பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், 1774ல் கப்பலேறி ஐரோப்பா போனார், திரும்பி வரவே இல்லை. லண்டனுக்குப் போன பிறகு அவர் கை பழையபடி இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். ஓவியப் பள்ளியே இல்லாத ஊரில் அவர் இப்படி வரைய எப்படிக் கற்றார்? ஊரை விட்டுப் போனது தவறா? இரண்டாவது கேள்வியை எனக்காகவும் கேட்கிறேன். இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓர் ஓவியப் பள்ளியில் இரண்டு ஆண்டு சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாமரைச்செல்வி:

தம்பி, நீங்கள் நின்ற அந்த இடத்தில் நான் பல புதன்கிழமைகள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். திருமண உடைகளை அளவுக்குத் திருத்திக் கொடுக்கிற தையல் வேலை. மாலையில் நேரம் கிடைத்தால் பென்சிலோடு அங்கே போய்விடுவேன். வரைவதில் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் துணி எனக்குத் தெரியும். அதனால் துணி வழியாகவே சொல்கிறேன்.

கோப்லி 1738ல் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மா மேரி, துறைமுகத்தில் லாங் வார்ஃப் என்ற நீண்ட படகுத்துறையில் புகையிலைக் கடை நடத்தினார். 1748ல் அவர் பீட்டர் பெல்ஹம் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பையனின் தலையெழுத்தை மாற்றியது அந்தத் திருமணம்தான்.

பெல்ஹம் செப்புத் தகட்டில் உருவப்படம் செதுக்கி அச்சிடுபவர். மெஸ்ஸோடின்ட் என்ற முறை. தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் கீறிச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே மட்டும் சுரண்டித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து முகத்தை வெளியே எடுக்கிற வேலை. ரிவியரின் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள்: பின்னால் முழுக்க இருட்டு, அதிலிருந்து நெற்றியும் சட்டையும் வெளியே வருகின்றன. பத்து வயதில் கண்ணில் விழுந்தது முப்பது வயதில் கையில் இருந்தது என்றே எனக்குத் தோன்றும்.

பெல்ஹம் அந்த வீட்டில் மூன்றே வருடம்தான் இருந்தார். 1751ல் இறந்தார், பையனுக்குப் பதின்மூன்று. அதே ஆண்டு பாஸ்டனில் பேர்பெற்ற ஓவியர் ஜான் ஸ்மைபர்ட்டும் போய்விட்டார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. மிச்சம் இருந்தவை வளர்ப்புத் தந்தையின் கருவிகள், தகடுகள், இங்கிலாந்திலிருந்து வந்த அச்சுப் படங்கள்.

1753ல் பையன் என்ன செய்தான் தெரியுமா? பெல்ஹம் முன்பு செதுக்கிய கூப்பர் என்ற பாதிரியாரின் தகட்டை எடுத்து, முகத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெல்ஸ்டீட் என்ற வேறொரு பாதிரியாரின் முகத்தைச் செதுக்கி அச்சிட்டான். உடல் பழையது, தலை புதியது. பதினைந்து வயதுப் பையனுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அது.

1756ல் உடற்கூறு நூல்களில் இருந்த படங்களைப் பார்த்து எலும்பையும் தசையையும் பக்கம் பக்கமாக வரைந்து பழகினார். அந்தத் தாள்கள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1762ல் ஜெனீவாவில் இருந்த லியோட்டார் என்ற ஓவியருக்கு, முன்பின் பழக்கமே இல்லாமல், நல்ல சுவிஸ் பேஸ்டல் குச்சிகள் ஒரு தொகுதி வேண்டும் என்று கடிதம் போட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரிடம் கேட்டால்தான் நல்ல வண்ணம் கிடைக்கும் என்ற நிலைமை.

இப்போது துணிக்கு வருகிறேன். நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கோப்லி வரைந்த திருமதி போவர்ஸ் படம் இருக்கிறது. ஏறக்குறைய 1763. லண்டனில் அன்று பேர்பெற்ற ஓவியரான ரெனால்ட்ஸ், ஒரு பிரபு வீட்டுப் பெண்ணை வரைந்த படம் ஒன்று உண்டு. அது அச்சில் வந்ததைப் பார்த்து கோப்லி அப்படியே எடுத்திருக்கிறார். உட்கார்ந்த விதம், உடை, மடியில் இருக்கிற நாய்க்குட்டி, எல்லாம் அதே. முகம் மட்டும் பாஸ்டன் பெண்ணுடையது. பத்து வருடத்துக்கு முன்னால் தகட்டில் செய்த அதே வேலை! அச்சுப் படத்தில் வண்ணமே கிடையாது, உடைக்கு வண்ணத்தை இவரே யோசித்துப் போட வேண்டும். அழகாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தத் துணியைப் பார்த்தால் எனக்கு உடனே தெரியும், அவர் அதைக் கையில் தொட்டதே இல்லை. மடிப்புகள் எங்கே தொடங்குகின்றன, எந்தத் தையல் அவற்றை இழுக்கிறது என்று தேடினால் விடை கிடைக்காது.

ஐந்து வருடம் கழித்து ரிவியரின் சட்டை. தோளில் எத்தனை சுருக்கு வைத்துத் தைத்திருக்கிறார்கள், கையை மடக்கும்போது அந்தத் துணி முழங்கையில் எப்படிக் குவிகிறது, கனமான லினன் மெல்லிய பட்டைப்போல் வழியாமல் எப்படி மொடமொடப்பாக நிற்கிறது, எல்லாமே இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து என்னால் அந்தச் சட்டையை வெட்டித் தைத்துவிட முடியும். உண்மையாகவே ஒருமுறை தாளில் அளவு போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

இந்த ஐந்து வருடத்தில் அவர் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. எதிரில் இருந்த பொருளைப் பார்த்தார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தார். மெட்ரோபாலிடனிலேயே 1773ல் வரைந்த திருமதி விந்த்ராப் படமும் இருக்கிறது. கையில் பழம் வைத்திருக்கிறார். முன்னால் இருக்கிற மேசையின் மெருகில் பழமும் கையும் சட்டைக்கையின் லேஸும் தெரிகின்றன. போவர்ஸிலிருந்து விந்த்ராப் வரை பத்தே வருடம். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

போனது தவறா என்பதற்கு நான் நேராகச் சொல்கிறேன்: எனக்கு வருத்தம்தான். பாஸ்டனில் வரைந்த முகங்களில் இருக்கிற அந்த நேர்மை லண்டன் முகங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

கடலோடி:

தாமரைச்செல்வி அக்கா துணியைப் பற்றிச் சொன்னது அருமை. ஆனால் கடைசி வரியில் நான் உங்களோடு சேரவில்லை.

போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஒரே நாளில் வந்ததில்லை. 1765ல், அம்மாவின் மறுமணத்தில் பிறந்த தன் தம்பி ஹென்றி பெல்ஹமை வைத்து, பறக்கும் அணிலோடு இருக்கிற பையன் படத்தை வரைந்தார். யாரும் பணம் கொடுத்துக் கேட்ட படம் இல்லை அது. லண்டன்காரர்கள் தன்னை எப்படி மதிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளவே வரைந்து, 1766ல் அங்கு நடந்த ஓவியர் சங்கக் கண்காட்சிக்கு அனுப்பினார். ரெனால்ட்ஸ் பார்த்துவிட்டு வியந்தார். கோடு கடினமாக இருக்கிறது, நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது என்ற குறையும் சொன்னார். பாஸ்டனில் சின்ன அளவில் வேலை செய்து கை கெட்டுப்போவதற்குள் ஐரோப்பாவுக்கு வரட்டும் என்று கப்பல் தலைவர் புரூஸ் மூலம் சொல்லி அனுப்பினார். லண்டனில் குடியேறியிருந்த அமெரிக்க ஓவியர் பெஞ்சமின் வெஸ்டும் கோடுகள் தூக்கலாகத் தெரிகின்றன என்று எழுதினார். ஓவியர் சங்கம் அவரை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது.

அப்போதும் எட்டு ஆண்டு அவர் கிளம்பவில்லை. ஏன்? பாஸ்டனில் ஆண்டுக்கு 300 கினி (அன்றைய ஆங்கிலத் தங்க நாணயம்) வந்தது. லண்டனில் 900 கினிக்கு அது சமம் என்று அவரே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். தாயும் தம்பியும் அவரை நம்பி இருந்தார்கள். அதே நேரத்தில், ஊர் மக்கள் ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்புத் தைப்பது போன்ற இன்னொரு தொழிலாகவே நினைக்கிறார்கள் என்று மனம் நொந்தும் எழுதினார்.

அப்படிப்பட்ட மனிதர் 1778ல் லண்டனில் என்ன வரைந்தார்? வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் 'வாட்சனும் சுறாவும்' இருக்கிறது, போய்ப் பாருங்கள். 1749ல் ஹவானா துறைமுகத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் குளிக்கும்போது சுறா காலைக் கடித்துக்கொண்டு போன உண்மைச் சம்பவம். பையன் தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறான், படகில் ஒன்பது பேர், இரண்டு பேர் கையை நீட்டுகிறார்கள், எட்டவில்லை. எல்லாருக்கும் மேலாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். சாதாரண மாலுமிகளை அவ்வளவு பெரிய படத்தில் மன்னர்களுக்குரிய மரியாதையோடு வரைந்திருக்கிறார். நான் சரக்குக் கப்பலில் ஒன்பது ஆண்டு வேலை செய்தவன். கடலில் விழுந்தவனை நோக்கிக் கை நீளும்போது உடம்பு எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். இந்தப் படத்தில் அது இருக்கிறது. மேசையும் பழமும் மட்டும் வரைந்துகொண்டு பாஸ்டனில் இருந்திருந்தால் இது வந்திருக்காது. அங்கே எல்லாரும் கேட்டது அவரவர் முகத்தை மட்டும்தானே.

1779ல் லண்டன் ஓவியர்களின் உயர்ந்த அமைப்பான ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். போனது சரி என்பதுதான் என் கட்சி.

நீலவண்ணன்:

இருவருக்கும் நன்றி. அந்த அணில் படமும் ரிவியர் இருக்கிற அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. பார்க்காமல் வந்துவிட்டேனே!

அக்கா, ஒரு சந்தேகம். அவர் கிளம்பிய 1774, ஆங்கில அரசின் தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டனில் தேயிலைக் கலகம் நடந்த மறு வருடம் அல்லவா? படிக்கப் போனாரா, ஊரில் இருக்க முடியாமல் போனாரா?

தாமரைச்செல்வி:

கடலோடி சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். சுறா படத்தைப் பற்றி அவர் சொன்னது நியாயம். அந்தக் கைகளை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த முறை வாஷிங்டன் போனால் பார்க்கிறேன்.

தையலைப் போல ஒரு தொழிலாகத்தான் ஓவியத்தை நினைக்கிறார்கள் என்று கோப்லி வருந்திய வரி எனக்கும் தெரியும். முதலில் படித்தபோது மனசு வலித்தது, நான் தையல்காரி ஆயிற்றே. பிறகு ரிவியர் படத்தின் முன்னால் உட்கார்ந்தபோது அந்த வலி போய்விட்டது. கைத்தொழில் செய்கிற ஒரு மனிதரை, உளியும், பாத்திரத்தைத் தாங்க வைக்கிற மணல் மெத்தையும் சுற்றியிருக்க, வேலை செய்கிற சட்டையிலேயே உட்கார வைத்து, அவர் யோசிக்கிற முகத்தை வரைந்திருக்கிறார். அந்தக் காலத்தில் கைத்தொழிலாளியை இப்படி வரைவது மிக அரிது. கடிதத்தில் எழுதியதைவிட அந்தப் படத்தில் வரைந்ததையே நான் நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும்தான், தம்பி. 1769ல் அவர் சுசன்னா கிளார்க்கை மணந்தார். மாமனார் ரிச்சர்ட் கிளார்க் பெரிய வணிகர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை பாஸ்டனில் வாங்கி விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்! 1773 நவம்பரில் தேயிலைக் கப்பல்கள் வரும்போது ஊர் கொதித்தது. கிளார்க் வீட்டைக் கூட்டம் தாக்கியது. வணிகர்கள் துறைமுகத் தீவில் இருந்த கோட்டைக்கு ஓடிப்போனார்கள். ஓல்டு சவுத் கூடத்தில் ஊர்க் கூட்டம். கோப்லி அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினார், கோட்டைக்குப் போய் மாமனார் தரப்போடு பேசினார், திரும்பி வந்து கூட்டத்திடம் சொன்னார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத ஓவியர், இரண்டு பக்கமும் நடந்து நடந்து பார்த்தார். பலிக்கவில்லை. டிசம்பர் 16 இரவு 342 பெட்டித் தேயிலை கடலில் போனது.

இரண்டு பக்கமும் அவருக்கு மனிதர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் படைத்தலைவர் கேஜையும் வரைந்திருக்கிறார், ஆங்கில ஆட்சியை எதிர்த்த சாமுவேல் ஆடம்ஸ் சாசனத்தைச் சுட்டிக்காட்டி நிற்பதையும் வரைந்திருக்கிறார். 1774 ஏப்ரலில் நள்ளிரவில் ஒரு கூட்டம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஆங்கில அரசுக்கு ஆதரவான ஒரு விருந்தாளி அங்கே தங்கியிருக்கிறார் என்று தேடி வந்தார்கள். அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். இருந்திருந்தால் நண்பனைக் காட்டிக்கொடுப்பதா, வீட்டையும் உயிரையும் இழப்பதா என்று ஆகியிருக்கும் என கோப்லி கடிதத்தில் பதறுகிறார். ஜூனில் கப்பலேறினார்.

அவர் இத்தாலியில் இருந்தபோது இங்கே ஆங்கில ஆட்சிக்கு எதிரான போர் தொடங்கிவிட்டது. 1775 மே மாதம் சுசன்னா மூன்று குழந்தைகளோடு லண்டனுக்குக் கப்பலேறினார். நான்காவது கைக்குழந்தை. உடம்பு தாங்காது என்று பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார். அது பிழைக்கவில்லை. கோப்லி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாஷிங்டனில் 'கோப்லி குடும்பம்' என்று ஒரு பெரிய படம் இருக்கிறது, 1776லும் 77லும் வரைந்தது. மனைவி, நான்கு குழந்தைகள், குழந்தையை மடியில் வைத்த மாமனார், பின்னால் கையில் தாள்களோடு கோப்லி. அதில் நான்காவதாக இருப்பது லண்டனில் பிறந்த பெண் குழந்தை. லண்டன் முகங்களில் நேர்மை இல்லை என்று முன்பு எழுதினேன். இந்தப் படத்தில் மகனைக் கட்டிக்கொண்டிருக்கிற சுசன்னாவின் முகத்தை நினைத்ததும் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அணில் பையனைப் பற்றி இன்னொன்று. அந்த ஹென்றி பெல்ஹம் வளர்ந்து செதுக்கு வேலைக்காரர் ஆனார். 1770ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினர் கூட்டத்தின் மேல் சுட்டதை வரைந்து தகடு தயார் செய்தார். அந்தப் படத்தைப் பார்த்துத் தானும் செதுக்கி, அவருக்கு முந்தியே அச்சிட்டு விற்றுவிட்டார் ஒருவர். யார் என்று நினைக்கிறீர்கள்? பால் ரிவியர்தான். வழிப்பறி செய்ததைப் போல இருக்கிறது என்று ஹென்றி அவருக்குக் கோபத்தோடு கடிதம் எழுதினார். இன்று எல்லாருக்கும் தெரிவது ரிவியர் போட்ட அச்சுதான். ரிவியரைத் தாழ்த்திச் சொல்லவில்லை, அவருடைய கணக்குப் புத்தகத்தில் கோப்லிக்குச் சின்னப் படச் சட்டங்கள் செய்து கொடுத்த வரிகளும் இருக்கின்றன. ஒரே சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரோடும் கொடுக்கல் வாங்கல்.

கோப்லி 1815ல் லண்டனில் இறந்தார், கடனோடு. கிராய்டன் தேவாலயத்தில் அடக்கம். பாஸ்டனில் பீக்கன் ஹில்லில் அவர் வாங்கிப் போட்டிருந்த பெரிய நிலத்தை 1790களில் இழந்தார். மகன் கடல் கடந்து வந்து மீட்கப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த மகன் பிற்பாடு இங்கிலாந்தின் லார்டு சான்சலர், அதாவது நீதித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருக்கிற அமைச்சர், ஆனார்.

பள்ளியில் சேரலாமா என்று கேட்டீர்கள். போனதால் கோப்லிக்குக் கிடைத்ததை கடலோடி சொல்லிவிட்டார், விட்டுப்போனதை நான் சொன்னேன். என்னைக் கேட்டால் வேலையை விடும் முன் ஒரு வருடம் எதிரில் இருக்கிற ஒரே பொருளை வரைந்து பாருங்கள். வெள்ளிக் கிண்ணம் இருந்தால் நல்லது. அதில் உங்கள் விரல் தெரிகிற வரைக்கும்.

அடுத்த முறை வரும்போது அணில் படத்தை விட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் கலைக்கான கட்டடத்தில் இருக்கிறது. பின்னால் சிவப்புத் திரை, பையனின் கழுத்தில் இளஞ்சிவப்பு சாட்டின் கழுத்துப்பட்டை, மேசையில் பாதி தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளை, விரலில் தொங்குகிற தங்கச் சங்கிலி. அந்த சாட்டின் மடிப்பில் வெளிச்சம் எங்கே உடைகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். லண்டனுக்குப் போன அந்தப் படம் கோப்லியின் குடும்பத்திலேயே நீண்ட காலம் இருந்தது. 1978ல் அவருடைய கொள்ளுப்பேத்தி பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

நீலவண்ணன்:

அக்கா, கிண்ணம் கிடைத்துவிட்டது. சமையலறையில் எவர்சில்வர்தான் இருக்கிறது, பரவாயில்லையா? நேற்று இரவு மூன்று மணி நேரம் முயன்றேன். விரல் வரவில்லை, ஜன்னல் வந்தது.

தாமரைச்செல்வி:

எவர்சில்வரே போதும். ஜன்னல் முதலில் வருவது சரிதான், அதுதான் இருப்பதிலேயே அதிக வெளிச்சம். படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.